சர்வருக்கு வழிகாட்டும் பிளாப்பி

அறிவியல் துறைகளில் பயிலும் நம் சங்கத்து நண்பர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஆய்வுக்கூடத்தின் மூலையில் விலையுயர்ந்த கருவி ஒன்று நிற்கும். வாங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் அது அளப்பதில் குறை சொல்ல முடியாது. அதன் அருகே மஞ்சள் பாரித்த கணினி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். கருவியை ஆட்டுவிப்பது அதுவே. டாஸ் என்னும் பழைய இயக்க முறையைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. பென் டிரைவ் செருகுவதற்கு இடமில்லை. அளந்ததை வெளியே எடுக்க வேண்டுமானால் பிளாப்பித் தட்டு ஒன்றே கதி. அந்தத் தட்டையோ புதிதாகச் செய்வாரைக் காண்பது அரிது. சோனி நிறுவனமே 2011 மார்ச்சு மாதத்தோடு நிறுத்திவிட்டது.

எங்கள் துறையிலும் அப்படி ஒரு கருவி உண்டு. எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் மீது செலுத்தி, அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை அறிவது அதன் வேலை. சென்ற ஆண்டு, ஆய்வு மாணவியான ஓர் அக்கா ஒரு வாரம் இரவு பகலாக எடுத்த அளவைகள், படிக்க முடியாமற்போன ஒரு பிளாப்பியோடு போயே போயின. வன்தட்டில் இடம் போதாமையால், தட்டுக்கு மாற்றியவுடன் மூலத்தை அழித்துவிடுவது அங்கே வழக்கம். புதிய கருவி வாங்கப் பணம் இல்லை. “இந்தக் கிழட்டுக் கணினியை நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால் என்ன?” என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. அந்த வேலையில் நானும் ஒரு கை கொடுத்தேன். இதற்கான விடை 1996-ஆம் ஆண்டிலேயே ஒரு குறுந்தகட்டில் ஆயத்தமாய் இருந்தது என்பதை அதன்பின் அறிந்தேன். இன்னும் எத்தனையோ துறைகளில் இதே இடர்ப்பாடு இருப்பதால் அதனை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் சிக்கல் இன்னதென்று பார்ப்போம். ஒரு கணினி நெட்வொர்க்கில் சேர வேண்டுமானால் அதற்குரிய மென்பொருள் அதனிடம் இருக்க வேண்டும். அந்த மென்பொருள் எங்கே இருக்கிறது? நெட்வொர்க்கின் மறுமுனையில், சர்வரில் இருக்கிறது. சர்வரை அடையாமல் மென்பொருள் கிடைக்காது. மென்பொருள் இல்லாமல் சர்வரை அடைய இயலாது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்ட கதைதான் இது.

1990-களில் அலுவலகங்களில் இந்தத் தொல்லை பெரிதாக இருந்தது. நூறு கணினிகள் வாங்கினால் அவற்றுள் பலவற்றில் குறுந்தகடு படிக்கும் வசதியே இராது. விண்டோஸ் 95-ஐப் பிளாப்பியில் வாங்கினால் 13 தட்டுகள். ஒருவர் அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு மேசை மேசையாகச் சென்று, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செருக வேண்டும். பன்னிரண்டாம் தட்டு பழுதென்று தெரிந்தால் அன்றைய பொழுது அதோடு தீர்ந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. சர்வர் 4.0 என்னும் இயக்க முறையில் ‘நெட்வொர்க் கிளையண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றொரு சிறு செயலி உண்டு. இந்தத் தொல்லைக்கு மருந்து அதுவே. கிளையண்ட் என்பது சர்வரிடம் சென்று வேண்டியதைக் கேட்டுப் பெறும் கணினி. அத்தகைய கணினிகளைச் சேர்ப்பதற்கான தட்டுகளைத் தயாரித்துத் தருவது இச்செயலியின் பணி.

அதன் உட்கருத்து நமக்குப் புரியாததன்று. ஊரிலிருந்து இங்கே புறப்படும்போது வீட்டில் புளிச்சோறு கட்டித் தருகிறார்கள் அல்லவா? அது ஒரு பருவம் முழுவதும் உண்பதற்கா? இல்லை. ரயிலில் இரண்டு நாள் தாங்கினால் போதும். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தை அடைந்துவிட்டால் பிறகு அங்கே உலை கொதிக்கிறது. 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் பிளாப்பியில் விண்டோஸ் முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை. சர்வர் வரையில் போய்ச் சேர்வதற்கு வேண்டிய கட்டுச்சோறு இருந்தால் போதும்.

செயலியைத் திறந்தால் நான்கு வழிகள் தோன்றும். நிறுவலைத் தொடங்கிவைக்கும் ஒற்றைத் தட்டைச் செய்வது ஒன்று. நிறுவும் தட்டுகளின் முழுத் தொகுதியைச் செய்வது மற்றொன்று. சர்வரை மேற்பார்க்கும் கருவிகளைப் படியெடுத்து வைப்பது மூன்றாவது. நான்காவது, வன்தட்டோ பிளாப்பியோ இல்லாமல், நெட்வொர்க் அட்டையில் பொருத்திய சில்லின் துணையால் சர்வரிலிருந்தே எழும் கணினிகளைப் பற்றிய தகவலைக் காட்டுவதோடு நின்றுவிடும்.

முதல் வழிக்குச் சர்வரின் குறுந்தகட்டிலுள்ள ‘கிளையண்ட்ஸ்’ என்னும் தொகுப்பை யாவரும் எட்டும்படி பகிர வேண்டும். குறுந்தகட்டிலிருந்தே பகிரலாம், வன்தட்டில் படியெடுத்தும் பகிரலாம். இரண்டாவதே நல்லது என்பேன். குறுந்தகட்டை யாரேனும் வேறு வேலைக்காக வெளியே எடுத்துவிட்டால், பாதியில் நிற்கும் நிறுவலுக்கு யார் பதில் சொல்வது?

முதல் வழியைச் சற்று விரிவாகக் காண்போம். தட்டைச் செய்யுமுன் செயலி சில கேள்விகள் கேட்கும். எந்தக் கிளையண்டை நிறுவப் போகிறீர்கள்? விண்டோஸ் 95-ஆ, அல்லது டாஸ் கணினிக்குரிய நெட்வொர்க் கிளையண்ட் 3.0-ஆ? அக்கணினியில் உள்ள நெட்வொர்க் அட்டை எது? கணினிக்கு என்ன பெயர்? யார் பெயரால் சர்வருக்குள் நுழைவது? எந்த நெறியில் பேசுவது: நெட்பியூயி, ஐ.பி.எக்ஸ்., டி.சி.பி./ஐ.பி. என்பனவற்றுள் எது?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தட்டு தானே எழுந்து ஓட வேண்டுமானால் அதில் டாஸின் உயிர்க் கோப்புகள் இருக்க வேண்டும். விண்டோஸ் என்.டி.யால் அத்தகைய தட்டைச் செய்ய முடியாது. ஆகவே வேறொரு டாஸ் கணினிக்குச் சென்று, ‘பார்மேட்’ கட்டளையோடு ‘எஸ்’ குறியும் சேர்த்துத் தட்டைப் பதப்படுத்திக்கொண்டு வர வேண்டும். அத்தனை பெரிய சர்வர் இந்தச் சிறு வேலைக்குத் தன் பாட்டனிடம் போய் நிற்கிறது!

இனி, தட்டைச் செருகிக் கணினியைத் திறந்தால் என்ன நடக்கிறது? முதலில் டாஸ் எழுகிறது. அடுத்து நெட்வொர்க் அட்டையை ஆட்டுவிக்கும் இயக்கி நினைவகத்தில் ஏறுகிறது. ‘நெட்பைண்ட்’ என்னும் சிறு செயலி அட்டையையும் பேச்சு நெறியையும் ஒன்றோடொன்று முடிச்சிடுகிறது. ‘நெட் ஸ்டார்ட்’ என்ற கட்டளை வந்ததும் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. பிறகு ‘நெட் யூஸ்’ என்ற கட்டளை, எங்கோ இருக்கும் சர்வரின் பகிர்ந்த தொகுப்பை இந்தக் கணினியின் இசட் என்னும் டிரைவாகக் காட்டுகிறது. டாஸுக்கு இந்தச் சூது தெரியாது; தன் உடம்பிலேயே இன்னொரு தட்டு முளைத்ததாக எண்ணிக்கொண்டு, இசட் டிரைவிலுள்ள நிறுவும் செயலியை ஓட்டத் தொடங்குகிறது. இந்த வரிசை முழுவதும் ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’ என்னும் கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து படிப்பதைக் காட்டிலும் சிறந்த பாடம் எனக்குக் கிட்டவில்லை.

இந்தத் தட்டைக் கையாள்வதில் இரண்டு செய்திகளை மறத்தல் ஆகாது. தட்டில் எழுதிய கணினியின் பெயர் நெட்வொர்க்கில் ஒன்றுதான் இருக்கலாம். அதே தட்டைப் படியெடுத்து ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் ஓட்டினால், இரண்டாவது கணினி ‘அப்பெயர் ஏற்கெனவே உண்டு’ என்று விரட்டப்படும். மற்றொன்று, கடவுச்சொல்லைத் தட்டச்சிடச் சோம்பி, அதனை அந்தக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வழக்கம். பிளாப்பியைக் கண்டெடுப்பவர் எவரும் அதனைப் படித்துவிடலாம். அப்படி எழுதித்தான் தீர வேண்டுமென்றால், அந்த ஒரு தொகுப்பைப் படிக்க மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை அதற்கென்றே திறந்துகொள்வதுதான் அறிவுடைமை.

எங்கள் கணினிக்கு நாங்கள் கைக்கொண்டது இரண்டாம் வழி. டாஸ் ஏற்கெனவே அதில் இருக்கிறது. நெட்வொர்க் கிளையண்ட் 3.0-ஐ மட்டும் சேர்த்தால் போதும். அது இரண்டே தட்டுகளில் அடங்கிவிடும். துறையின் அலமாரியில் என்.டி. சர்வரின் குறுந்தகடு உரிமத்தோடு கிடந்தது. அந்த இயக்க முறைக்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2004-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டமையால், அதனை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல், இக்காலக் கணினி ஒன்றினுள் போலிக் கணினியாக மட்டும் ஓட்டினோம். அங்கே உருவான இரு தட்டுகளின் நகல்களை, யு.எஸ்.பி.யில் செருகும் பிளாப்பி டிரைவின் வழியே மெய்யான தட்டுகளில் எழுதிக்கொண்டோம்.

நிறுவுவது எளிது, பொருத்துவதுதான் பாடு. கணினியில் நாங்கள் செருகியது என்.இ. 2000 வகைப் பழைய அட்டை. அந்த வகை அட்டை, செயலியைத் தட்டி எழுப்பக் குறுக்கீட்டு எண் 3-ஐப் பயன்படுத்துமாறு வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். கணினியின் இரண்டாம் சீரியல் போர்ட்டுக்கும் அதே எண்தான். எங்கள் எக்ஸ் கதிர்க் கருவி பேசுவதோ அந்த இரண்டாம் போர்ட்டின் வழியாக! அப்படியே விட்டிருந்தால், ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைப் பொத்தும் கதையாகியிருக்கும். ஆகவே அட்டையை எண் 10-க்கு மாற்றி, ‘புரோட்டோகால்.ஐ.என்.ஐ.’ என்னும் கோப்பிலும் அதையே எழுதினோம்.

அடுத்தது பேச்சு நெறி. நிறுவும் செயலி தானாக முன்வைப்பது ஐ.பி.எக்ஸ். நெறியை. நினைவகத்தைச் சிறிதே உண்ணும் நெட்பியூயியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் நாங்கள் எதிர்முனையில் வைத்தது லினக்ஸ் கணினி. விண்டோஸைப் போல் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்னும் மென்பொருள் அதில் ஓடுகிறது. சாம்பாவுக்கு டி.சி.பி./ஐ.பி. மட்டுமே தெரியும். ஆகவே அதையே சேர்த்தோம். இந்தக் கிளையண்டில் ஐ.பி. முகவரியை எழுதும்போது எண்களுக்கிடையே புள்ளி வைக்கக் கூடாது, இடைவெளிதான் விட வேண்டும். இதை அறியாமல் புள்ளி வைத்து மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வோர் உண்டு. பகிரும் தொகுப்பின் பெயரும் எட்டெழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். நீண்ட பெயர்கள் டாஸின் கண்ணுக்குப் படா.

டி.சி.பி./ஐ.பி. ஏறியதும் இன்னொரு தகராறு வந்தது. டாஸ் செயலிகள் குடியிருப்பது 640 கிலோபைட் நினைவகத்தில். நெட்வொர்க் மென்பொருள் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளவே, கருவியை ஆட்டும் செயலி ‘இடம் போதாது’ என்று எழ மறுத்தது. 1993-இல் வந்த எம்.எஸ். டாஸ் 6.0 முதல், தொடக்கத்தில் ஒரு பட்டியலைக் காட்டி, வேண்டிய அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் வசதி உண்டு. அதன்படி ‘அளத்தல்’, ‘அனுப்புதல்’ என்று இரண்டு வழிகள் அமைத்தோம். அளக்கும்போது நெட்வொர்க் இல்லை. அளந்து முடித்துக் கணினியை மறுபடி தொடங்கி, அனுப்பும் வழியைத் தேர்ந்தால் கருவிச் செயலி இல்லை. அளவைகள் ஓடிக்கொண்டிருக்கையில் கணினியை எவரும் வெளியிலிருந்து தொந்தரவு செய்ய முடியாது என்பது இதனால் கிடைத்த உபரி நன்மை.

மூன்றாம் வழியான மேற்பார்வைக் கருவிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வேலைக்கு அவை தேவைப்படவில்லை. ஆயினும் அவற்றின் பின்னுள்ள கருத்து எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சர்வர் என்பது பூட்டிய குளிர்ந்த அறையில் இருக்க வேண்டிய பொருள். ஒரு புதிய மாணவருக்குக் கணக்குத் திறப்பதற்கும், மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் அந்த அறைக்கு நடக்க வேண்டுமா? வேண்டாம் என்பதற்காகவே சர்வரின் கருவிகளைப் பகிர்ந்த தொகுப்பில் படியெடுத்து வைக்கிறது இச்செயலி. மேற்பார்வையாளர் தம் மேசையிலுள்ள என்.டி. ஒர்க்ஸ்டேஷனிலோ விண்டோஸ் 95-இலோ அவற்றை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 95-இல் கிடைப்பவை முக்கியமாக மூன்று. பயனர்களின் கணக்குகளையும் குழுக்களையும் ஆள்வது ‘யூசர் மேனேஜர்’. எவர் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்று காட்டி, வேண்டுமானால் இணைப்பைத் துண்டிப்பது ‘சர்வர் மேனேஜர்’. சர்வரின் நாட்குறிப்பைப் படித்துக் காட்டுவது ‘ஈவண்ட் வியூவர்’. ஒர்க்ஸ்டேஷனுக்கு இவற்றோடு, ஐ.பி. முகவரிகளை வழங்குவதையும் பெயர்களை முகவரிகளோடு பொருத்துவதையும் ஆளும் கருவிகளும் கிடைக்கும்.

“இந்தக் கருவிகளை ஒரு மாணவன் தன் கணினியில் ஏற்றிக்கொண்டால் சர்வரே அவன் கைக்கு வந்துவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். வராது. கருவிக்குத் தனியாக எந்த அதிகாரமும் இல்லை. அது அனுப்பும் வேண்டுகோளோடு அதை இயக்குபவரின் பெயரும் செல்கிறது. அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று பார்த்தே சர்வர் இசைகிறது அல்லது மறுக்கிறது. கணக்குகளைத் திறக்கவும் மூடவும் மட்டும் உரிமையுள்ள ‘அக்கவுண்ட் ஆபரேட்டர்ஸ்’ என்ற குழு உண்டு. அதில் உள்ளவர் பிறர் கணக்குகளைத் திருத்தலாம். தலைமை மேற்பார்வையாளர் குழுவில் தம்மைத் தாமே சேர்த்துக்கொள்ள முடியாது. கல்லூரிக் கணினிக்கூடங்களில் எல்லா வேலைக்கும் தலைமைக் கடவுச்சொல்லையே நாலு பேருக்குச் சொல்லிவைக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வழி 1990-களிலேயே இருந்தும், சோம்பலால் அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 வந்தபோது நெட்வொர்க் கிளையண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் மறைந்தது. அதன் வேலையை வேறு பெயர்கள் ஏற்றன. இன்டெல் வகுத்த பி.எக்ஸ்.இ. என்ற நெறியால், பிளாப்பி செய்துவந்ததை நெட்வொர்க் அட்டையே செய்யத் தொடங்கியது. கணினி எழும்போதே தன் முகவரியையும், தான் ஏற்றிக்கொள்ள வேண்டிய முதற்கோப்பின் பெயரையும் நெட்வொர்க்கில் கேட்டுப் பெறுகிறது. கட்டுச்சோறு இப்போது அட்டைக்குள்ளேயே இருக்கிறது. மேற்பார்வைக் கருவிகளோ ஆர்.எஸ்.ஏ.டி. என்ற பெயரில் வாழ்கின்றன. 2018-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தனியே பதிவிறக்கவும் வேண்டியதில்லை, அமைப்புப் பட்டியலிலிருந்தே சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கிழட்டுக் கணினியைப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் நேரே கோத்துவிட்டோமா? இல்லை. இது உயிர்நிலையான செய்தி. டாஸ் கிளையண்ட் பேசுவது எஸ்.எம்.பி. என்னும் கோப்புப் பகிர்வு நெறியின் மிகப் பழைய வடிவத்தை. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் பறித்த ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல், விண்டோஸ் அந்தப் பழைய வடிவைக் கையாண்ட முறையில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. சாம்பாவும் 2019 முதல் அதனை இயல்பாக அணைத்தே வைக்கிறது. டாஸ் கணினி ஒன்றுக்காகத் துறையின் சர்வரில் அந்தக் கதவைத் திறந்துவைப்பது, பூனைக்காகச் சுவரை இடிப்பதாகும்.

ஆகவே இடையில் ஒரு கணினியை நிறுத்தினோம். நான் மேலே சொன்ன லினக்ஸ் கணினி அதுவே. அதில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள். ஒன்றிலிருந்து புறப்படும் கம்பி கருவிக் கணினியோடு முடிந்துவிடும். சாம்பா அந்த ஓர் அட்டையில் மட்டும் காது கொடுக்கும். பழைய பேச்சும் பழைய கடவுச்சொல் முறையும் அங்கு மட்டுமே செல்லும். மற்றோர் அட்டை பல்கலைக்கழக நெட்வொர்க்கை நோக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் சாம்பாவே கிடையாது, மறையிட்டுக் கோப்பு மாற்றும் எஸ்.எஸ்.எச். மட்டும் உண்டு. இரண்டு அட்டைகளுக்கும் நடுவே செய்திகளைக் கடத்தும் வசதியையும் அணைத்துவிட்டோம். கருவிக் கணினி தன் கோப்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகும். நாம் தெருப் பக்கமாக வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இப்போது ஓர் இரவின் அளவைகளை அனுப்பச் சில நொடிகள்தான் ஆகின்றன. கோப்பு மறுமுனையில் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பின்பே மூலத்தை அழிக்க வேண்டும் என்று அக்கா விதி செய்திருக்கிறார். அட்டையின் குறுக்கீட்டு எண், முகவரி, பகிர்ந்த தொகுப்பின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியாயிற்று. கடவுச்சொல் அந்தத் தாளில் இல்லை.

வேதியியல் துறையிலும் இதே போன்றதொரு கணினி உண்டு. அங்கிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அதில் உள்ள நெட்வொர்க் அட்டை சற்றுப் பிந்தியது. 1996-இன் பட்டியலில் அதன் பெயர் இல்லை. உற்பத்தியாளர் அட்டையோடு தந்த பிளாப்பியில் டாஸுக்குரிய என்.டி.ஐ.எஸ். 2 இயக்கி இருக்கும். அந்தப் பிளாப்பிதான் அகப்படவில்லை. பழைய நெட்வொர்க் அட்டைகளோடு வந்த தட்டுகள் நண்பர்கள் எவரிடமேனும், அறையிலோ ஊரில் பரண்மீதோ கிடந்தால், எறிந்துவிடாமல் சங்கத்தின் வாசகசாலையில் கொடுத்துவையுங்கள்.